நடுக் கேமராவில் அண்ணன்

1

திருவனந்தபுரத்தில் இருக்கிறவளை எங்கள் ஊரில் யாரும் தூரத்துக்குப் போனவள் என்று மதிப்பதில்லை. துபாயிலிருந்து ஒருத்தன் வந்தால் தெருவே போய்ப் பார்க்கும். நான் வந்தால், "என்னட்டி, லீவா?" என்று கேட்டுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவார்கள். காலையில் தம்பானூரில் ரயில் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு வள்ளியூர் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடலாம். அதனால்தான் அந்த அலட்சியம்.

ஆனால் பாஷை மாறினால் அது வேறு தேசம்தான். பத்தாம் வகுப்பில் தோற்றுவிட்டு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து இறங்கினபோது பஸ் போர்டு எனக்கு ஜிலேபி பிழிந்த மாதிரி இருந்தது. இன்றைக்கு நான் அம்மாவிடம் போனில் பேசும்போது வாய் தவறி மலையாளத்தில் "கேட்டோ" என்று முடித்துவிடுகிறேன். அம்மா உடனே வேறு பேச்சு எடுப்பாள். கிழக்கேகோட்டைக்குப் பின்னால் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரர்களும் திருநெல்வேலிப் பக்கம்தான். அவர்கள் பேத்தி தமிழில் கேட்டால் மலையாளத்தில்தான் பதில் சொல்லும். என்னைத் "தமிழ் சேச்சி" என்று கூப்பிடும். தான் யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறதோ, தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு முதல் வருசத் திதி. அதற்கு முந்தின நாள் நடந்ததை ஊரில் யாருக்கும் நான் சொல்லவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

2

அண்ணன் பெயர் சுடலைமுத்து. இங்கே எல்லாருக்கும் முத்து. நாங்கள் இரண்டு பேரும் ஷாஜிச் சேட்டன் ஸ்டுடியோவில் வேலை பார்த்தோம். அண்ணன் கேமரா. நான் கம்ப்யூட்டர்.

எங்கள் ஸ்டுடியோவில் ஒரு விசேஷம் உண்டு. நாட்டிய அரங்கேற்றத்துக்கோ கல்யாணத்துக்கோ போனால் மேடையைச் சுற்றி அரைவட்டமாக ஐந்து கேமரா வைப்போம். வீடியோ கையில் கிடைத்த பிறகு, போனில் விரலால் தள்ளினால் ஆடுகிற பெண்ணை இடப்பக்கமாகவும் பார்க்கலாம், வலப்பக்கமாகவும் பார்க்கலாம், நாமே மேடையைச் சுற்றி நடக்கிற மாதிரி. ஐந்து கேமரா எடுத்ததையும் அப்படியே வைத்தால் எந்த டிஸ்கும் தாங்காது. அதைச் சுருக்கிப் போடுவது என் வேலை. பட்டனை அமுக்குவது நான், சுருக்குவது கம்ப்யூட்டர் என்று அண்ணன் கேலி செய்வான். அது உண்மைதான். ஆனால் அது எப்படிச் சுருக்குகிறது என்று எனக்குத் தெரியும்.

ஒரு கல்யாணத்துக்கு ஐந்து பேர் போய்விட்டு வந்து சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவன் ஒன்று விடாமல் சொல்கிறான். பந்தல், மேளம், பெண்ணு, மாப்பிள்ளை, எல்லாம். பக்கத்தில் இருந்தவன் அதையே திரும்பச் சொல்ல வேண்டாமே. "அவன் சொன்னதுதான். நான் இருந்த இடத்துல இருந்து பொண்ணோட சடையும் தெரிஞ்சுது" என்றால் தீர்ந்தது. மற்ற மூன்று பேரும் அப்படியே. அதனால் ஐந்து பேர் கதையும் ஒன்றரைப் பேர் கதை அளவுக்குள் அடங்கிவிடும். எங்கள் நடுக் கேமராவின் ஃபைல் மட்டும்தான் முழுப்படம். பக்கத்துக் கேமராக்களின் ஃபைலில் இருப்பது, நடுவில் இருந்து அங்கே என்ன மாறுகிறது என்பது மட்டும். சத்தமும் நடுக் கேமராவில்தான். மைக் அதில்தான் செருகியிருக்கும்.

இன்னொரு வேலையும் உண்டு. எடுக்க ஆரம்பிக்கும் முன்னால், எந்தக் கேமரா எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு ஆள் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட பெரிய பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையில் நிற்க வேண்டும். மெதுவாகத் திருப்ப வேண்டும், சாய்க்க வேண்டும், கை நடுங்கக் கூடாது. அண்ணன்தான் எப்போதும் பிடிப்பான். நான் கீழே கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

"இன்னும் கொஞ்சம் எடது பக்கம்ணே."

"ஏட்டி, நான் என்ன சுவரா? கை கழண்டு வருதுட்டி."

"சுவர்னா பேசாம நிக்கும்."

மற்ற ஆட்கள் எல்லாம் வந்துவிட்டால் மலையாளம்தான். ஷாஜிச் சேட்டன் "மதி" என்பார். போதும் என்று அர்த்தம். அண்ணனும் "மதியோ சேட்டா?" என்று கேட்பான். மண்டபம் காலியாக இருந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தால் வீட்டுப் பேச்சு.

3

போன வருசம் மழைக்காலத்தில் பொன்முடிப் பக்கம் ஒரு வேலை முடிந்து திரும்பும்போது, நெடுமங்காடு ரோட்டில் ஒரு வளைவில் அண்ணன் பைக் சறுக்கியது. எதிரே லாரி. அதற்கு மேல் எழுத எனக்கு வராது.

அதற்குப் பிறகு நான் பைக்கில் ஏறவில்லை. அந்த ரோட்டுக்கே போகவில்லை. கல்லாறு, பொன்முடி வேலை வந்தால், "நீ இங்க சிஸ்டம் பாத்தோ" என்று ஷாஜிச் சேட்டனே சொல்லிவிடுவார்.

மிச்சம் எல்லாம் ஆபீஸ்தான். இங்கே தந்த இறப்புச் சான்றிதழில் அண்ணன் பெயர் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் இருந்தது, லகரம் மாறி, நீட்டிப் பிடித்து. ஊரில் தாலுகா ஆபீஸில் அதை வாங்கிப் பார்த்தவர், ரேஷன் கார்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது வேற ஆளும்மா" என்றார். திரும்பி இங்கே வந்தால், "ஞங்ஙள் எழுதியது சரி, அவிடெ மாத்தச் சொல்லு" என்றார்கள். எங்கள் கம்ப்யூட்டர் ஐந்து பக்கம் இருந்து பார்த்து ஒரே ஆள் என்று கண்டுபிடித்துவிடும். இரண்டு ஆபீஸ் பார்த்ததில் என் அண்ணன் இரண்டு ஆள் ஆகிவிட்டான். கடைசியில் ஒரு வக்கீலிடம் எழுதி வாங்கிக் கொடுத்துத்தான் ஒரு ஆளாக்கினேன்.

வீட்டில் மாலை போட்டிருக்கும் படம், பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டில் இருந்ததைப் பெரிசாக்கினது. அதில் அவனுக்கு மீசை கூட இல்லை. கேமராக்காரன் யார் வீடியோவிலும் இருக்க மாட்டான். அவன் போன் லாரிக்கு அடியில் போய்விட்டது. பலகை பிடித்ததை எல்லாம் வேலை முடிந்ததும் அழித்துவிடுவது எங்கள் வழக்கம். அது யாருக்கும் வேண்டாத வீடியோ.

திதிக்கு ஒரு வாரம் முன்னால் அம்மா போன் பண்ணினாள். சாமான், ஐயர், யார் யார் வருகிறார்கள் என்றெல்லாம் சொன்னாள். பிறகு, "எசக்கி" என்றாள். என் பெயர் இசக்கியம்மாள்.

"என்னம்மா?"

"அவம் கொரலு மறந்துட்டே வருதுட்டி. மூஞ்சி இருக்கு கண்ணுக்குள்ள. கொரலு வர மாட்டேங்கு. ஒங்க மிசின்ல எங்கியாவது கெடக்கான்னு பாரேன்."

நான் தேடினேன். எதுவும் இல்லை. நான் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது பினு மட்டும்தான்.

4

பினு அண்ணனுக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த பையன். பையன் என்றால் என்னைவிட இரண்டு வயசு சின்னவன். நெய்யாற்றின்கரைக்காரன். தமிழ்ப்படம் பார்த்துத் தமிழ் படித்தவன், பேசினால் வில்லன் மாதிரியே பேசுவான்.

சனிக்கிழமை காலையில் பையோடு ஸ்டுடியோவுக்குப் போனேன். சாவியைக் கொடுத்துவிட்டு அப்படியே ஸ்டேஷனுக்குப் போவதாக இருந்தேன். ஷாஜிச் சேட்டனும் மற்றவர்களும் விடியும்போதே கல்லாற்றுக்குப் போயிருந்தார்கள், ஒரு கல்யாண ஜோடியை ஆற்றங்கரையில் வைத்துப் படம் எடுக்க. பினு மட்டும் இருந்தான். என் கையில் ஒரு பென்டிரைவைக் கொடுத்தான்.

"சேச்சி, கரையக்கூடாது கேட்டோ."

கரைவது என்றால் இங்கே அழுவது.

"என்னடா இது?"

"முத்துச் சேட்டன். நேத்து டிஸ்க் காலி பண்ணும்போ ஒரு பழைய ஃபோல்டர்ல கண்டு. போர்டு பிடிச்சு நில்குன்னது. சேச்சி தேடிட்டு இருந்தீங்கல்லே, அதான்."

கம்ப்யூட்டரில் செருகினேன். நாலு ஃபைல் இருந்தது. முதலாவதைத் திறந்தேன். திரை முழுக்கச் சாம்பல் நிறம். அதன் நடுவில் எறும்பு ஊர்கிற மாதிரி சில கோடுகள் நெளிந்தன. ஒரு தோள் விளிம்பு மாதிரி ஒன்று வந்து போனது. சத்தம் இல்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

"பினு, அஞ்சாவது எங்க?"

"எது?"

"நடுக் கேமரா."

"அது கொள்ளத்தில்ல, நல்லா இல்ல சேச்சி. அதில முகமே இல்ல. மொத்தம் போர்டுதான். இந்த நாலிலயும் நல்லோணம் முகம் காணுது, நான் நேத்து பாத்தேன். அதுனால இதை மட்டும் காப்பி பண்ணிட்டு…" அவன் நிறுத்தினான். என் முகத்தைப் பார்த்துவிட்டான்.

நேற்று அவன் பார்த்தபோது நடு ஃபைலும் கூடவே இருந்தது. அதனால் நாலும் ஓடியது. முகம் தெரியவில்லை என்று அவன் அழித்த அந்த ஒன்றின் மேல்தான் மற்ற நாலு முகமும் நின்றது. குரலும் அதில்தான்.

நான் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். அவன் எனக்கு நல்லது செய்யத்தான் நினைத்தான்.

"டிஸ்க் எங்கடா?"

"ஷாஜிச் சேட்டன் கல்லாறு கொண்டு போயி. ஷூட்டிங்குக்குத்தானே காலி பண்ணினது."

அழித்தால் உடனே போய்விடாது. பெயர் மட்டும்தான் போகும். அதற்கு மேல் வேறு ஒன்றை எழுதும்வரை அடியில் கிடக்கும். ஆனால் கேமராவில் கார்டு நிறைந்ததும் அங்கேயே லேப்டாப்பில் போட்டு டிஸ்கில் கொட்டுவார்கள். மத்தியானத்துக்குள் முதல் கொட்டு நடந்துவிடும். ஷாஜிச் சேட்டனுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. கல்லாற்றில் எப்போதும் அப்படித்தான். மற்றவர்களுக்கும் போட்டேன். அதே பெண் அதே மலையாளத்தில் அதையே சொன்னாள்.

"பஸ் எப்போ?" என்றேன்.

"பஸ்ஸில் போனால் மத்தியானம் தாண்டும் சேச்சி." பினு ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். என்னிடம் நீட்டவில்லை. அவனுக்கும் தெரியும்.

கொரலு வர மாட்டேங்கு என்று அம்மா போனில் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. ஹெல்மெட்டை நானே வாங்கிக்கொண்டேன்.

5

பேரூர்க்கடை தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பினு அண்ணன் மாதிரி ஓட்டவில்லை. ரொம்ப மெதுவாக ஓட்டினான். அதுவே எனக்குப் பொறுக்கவில்லை.

"வேகமா போடா."

"சேச்சி பேடிக்கும்."

"பயந்தா நான் பயந்துக்கிடுதேன். நீ போ."

நெடுமங்காடு தாண்டினதும் அந்த வளைவு வரும் என்று தெரியும். எந்த வளைவு என்று தெரியாது. நான் அன்றைக்கு நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். ஒவ்வொரு திருப்பத்திலும் இதுவாக இருக்குமோ என்று பினுவின் சட்டையை இறுக்கினேன். அவன் சட்டைப் பித்தான் தெறித்து விழுந்தது. லேசாகத் தூறல் வேறு. ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் ரோடு கறுப்பாக நனைந்து கிடந்தது. எதிரே லாரி வந்தபோதெல்லாம் நான் மனசுக்குள் கார்டையே நினைத்தேன். முதல் கார்டு நிறைந்திருக்குமா, எடுத்திருப்பார்களா, செருகியிருப்பார்களா. பயம் வராமல் இருக்க அது ஒன்றுதான் எனக்கு உதவியது. அந்த வளைவு எப்போதோ போய்விட்டிருக்க வேண்டும். விதுரா வந்தபிறகுதான் தெரிந்தது.

கல்லாற்றில் ஆற்றை ஒட்டின டீக்கடையில் ஷாஜிச் சேட்டன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டிஸ்க். அதில் நீல விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. எழுதுகிறது என்று அர்த்தம். திரையில் பச்சைக் கோடு கால்வாசி போயிருந்தது.

"சேட்டா, அதை நிறுத்துங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் எப்படி வந்தேன் என்று முதலில் என் பின்னால் நின்ற பைக்கைத்தான் பார்த்தார்.

"எந்து பற்றி, என்ன ஆச்சு? ஊருக்குப் போயில்லே நீ?"

"நிறுத்துங்க சேட்டா. டிஸ்க்ல எழுத வேண்டாம்."

"பாதியில எடுத்தா இது கேடாகும் மோளே. கார்டு காலி ஆகாமல் ஷூட்டிங் எப்படி நடக்கும்? பாரு, வெயில் இப்பத்தான் வந்நு." ஆற்றில் பாறை மேல் மாப்பிள்ளையும் பெண்ணும் ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டு நின்றார்கள்.

என்னால் நடு ஃபைல், பக்கத்து ஃபைல் என்று விளக்க முடியவில்லை. மூச்சு வாங்கியது. "அதுக்கு அடியில அண்ணன் கெடக்கான்" என்றேன்.

ஷாஜிச் சேட்டன் பினுவைப் பார்த்தார். பினு தரையைப் பார்த்தான். சேட்டன் எழுதுவதை நிறுத்தினார், ஒயரைப் பிடுங்கினார். டிஸ்கைத் தன் தோளில் கிடந்த துண்டால் துடைத்தார், அதில் ஈரமே இல்லை. அப்புறம் என் கையில் வைத்தார். விபத்து நடந்த அன்றைக்கு, மழையைப் பார்த்துக் கொஞ்சம் நின்று போ என்று அவர் அண்ணனிடம் சொன்னாராம். பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொன்னதை அண்ணன் கேட்கவில்லை என்றா, அழுத்திச் சொல்லவில்லை என்றா, எதை நினைத்து அவர் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று தெரியாது.

கல்யாணப் பெண் மேலே ஏறி வந்தாள். "என்ன சேட்டா, லேட்டாகுமா? எனக்கு இன்னொரு நாள் லீவ் கிடைக்காது கேட்டோ."

"ஒரு டிஸ்க் கேடாயி. சாரமில்ல, பரவாயில்ல. ரெண்டு கேமரால எடுக்காம்."

"அஞ்சுன்னு அல்லே பறஞ்சது?"

"ரெண்டு மதி. நீங்க ரெண்டு பேர்தானே."

அவள் சிரிக்கவில்லை. நானும்.

6

திரும்பும்போது பைக் குலுங்கினால் டிஸ்குக்கு ஆகாது என்று நான் பஸ்ஸில் ஏறினேன். பினு பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தான். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஜன்னல் பக்கம் வந்து, "இருக்கில்லே?" என்று கேட்டான். மடியில் இருப்பது எங்கே போகும். கண்டக்டர் அவனை என் மாப்பிள்ளை என்று நினைத்து, "சண்டையா?" என்று கேட்டார்.

ஸ்டுடியோவுக்கு வந்து, அழிந்ததைத் தோண்டி எடுக்கும் சாஃப்ட்வேரை ஓட்டிவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பினு சாப்பிடப் போகவில்லை. போகச் சொன்னேன், தலையை ஆட்டினான், போகவில்லை. பெயர் இல்லாமல் ஃபைல் ஒவ்வொன்றாக மேலே வந்தது. யார் யாரோ தாலி கட்டினார்கள். யார் குழந்தையோ கேக் வெட்டியது. சாயங்காலம் ஆகும்போது கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகை வந்தது.

முழுதாக வரவில்லை. முன்பாதிதான். பின்பாதிக்கு மேல் அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறிவிட்டார்கள்.

வந்த வரைக்கும் நாலு ஃபைலோடு சேர்த்து ஓட்டினேன். சாம்பல் நிறம் போய் அண்ணன் வந்தான். நடுவில் பார்த்தால் பலகைதான், அதன் இரண்டு ஓரத்திலும் விரல்கள், கீழே செருப்பில்லாத கால். விரலால் தள்ளினேன். காது தெரிந்தது. காதுக்கு மேல் செருகின பென்சில். இன்னும் தள்ளினேன். பலகைக்குப் பின்னால் கன்னத்தை உப்ப வைத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு நிற்கிறான். முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அன்றைக்கு அது தெரியவில்லை. என்னைத்தான் கேலி செய்துகொண்டிருந்திருக்கிறான்.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்குண்ணே" என்று என் குரல்.

"தூக்கியாச்சு."

"இன்னும்."

"இதுக்கு மேல ஏணி வேணும்ட்டி."

பலகை மெதுவாகத் திரும்பியது. கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு கேட்டான்.

"போதுமாட்டி?"

அதோடு படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. நான் அதற்கு என்ன சொன்னேன் என்பது போன பாதியில் இருக்கிறது. எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், ஞாபகம் இல்லை. பினு வெளியே போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தான். கரையக்கூடாது என்று அவனுக்கு நான் சொல்லவில்லை.

கடைசி வண்டியைப் பிடித்து ஊருக்கு வந்தேன். மறுநாள் திதி முடிந்து, ஐயர் போய், இலை எடுத்தபிறகு, சொந்தக்காரர்கள் போனைச் சுற்றி நின்று பார்த்தார்கள். விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினேன். "பாரேன், பின்னால கூட தெரியுதே", "சட்டை கிழிஞ்சிருக்கு பாரு" என்றார்கள். சித்தி அழுதாள். அம்மா அடுப்படிக் கதவில் சாய்ந்துகொண்டு இருந்தாள். கிட்டே வரவில்லை. எல்லாரும் போனபிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கொண்டா."

போட்டுக் கொடுத்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டாள், அவன் திருவனந்தபுரத்தில் இருந்து பேசும்போது வைக்கிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே நானும் அண்ணனும் பேசிக்கொள்வது மெலிசாக எனக்கும் கேட்டது. தூக்கியாச்சு என்றான். ஏணி வேணும் என்றான். அம்மாவின் வாய் லேசாக அசைந்தது. பிறகு போதுமா என்று கேட்டான், சத்தம் நின்றது.

அம்மா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"போதும்யா" என்றாள். "எவ்வளவு நேரமா தூக்கிட்டு நிக்கே. கைய இறக்கு."